ஆறு மணி நடை

அது அப்பா இறந்த ஒன்பதாம் நாளா, பத்தாம் நாளா என்பது இல்காவுக்கு உறுதியாக நினைவில்லை. ஹங்கேரியை விட்டு ஓடிவந்து, கனடாவின் விக்டோரியாவில் குடும்பம் வளர்த்த நிலநடுக்க ஆய்வாளர் அவர். வீட்டு நிலவறையில் அவர் வைத்திருந்த கருவியின் முள், பூமியின் அதிர்வோடு வீட்டாரின் காலடிகளையும் காகிதத்தில் வரையும். எல்லை தாண்டும்போது குண்டு பட்ட கால் என்பதால் அவருடைய நடை மட்டும் ஒரு உயரக் கோடு, ஒரு குட்டைக் கோடு என்று விழும்.

அம்மாவைத் தான் வசிக்கும் கால்கரிக்குக் கூட்டிப்போக வந்த இல்கா, அன்று விடியற்காலையில் கருவியை நிறுத்தப் போனாள். அம்மா அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"நிறுத்தாதடி. ஆறு மணிக்கு உங்கப்பா இறங்கி வருவார்."

"மேல யாருமே இல்லம்மா."

"கல்யாணத்துக்கே லேட்டா வந்த மனுஷன், இப்பத்தான் நேரம் தவறறதில்ல. பேசாம இரு."

இருவரும் அசையாமல் இருந்தார்கள். ஆறு மணிக்கு முள் ஆடத் தொடங்கியது. உயரம், குட்டை, உயரம், குட்டை. பதினான்கு படிகள். நெருங்க நெருங்கக் கோடுகள் பெரிதாகி, காலடி அம்மாவின் நாற்காலி அருகே வந்துவிட்டதுபோல் சட்டென்று நின்றன.

"உட்காருங்க," என்று அம்மா எழுந்துகொண்டாள்.

அவள் கால்கரிக்கு வரவில்லை. மூன்று ஆண்டுகள் அந்த வீட்டிலேயே இருந்து இறந்தாள். அடக்கம் முடிந்த மறுநாள் காலை, ஆறு அடிக்கச் சில நிமிடங்கள் இருக்கும்போது, இனி யாருடைய நடை விழும் என்று பார்க்காமலே இல்கா கருவியை நிறுத்தினாள். இப்போது அவள் கால்கரியில் தனியாக இருக்கிறாள்.