வெள்ளிக்கிழமை மழை

1978 யூலை 21, வெள்ளி. மழை இல்லை. மழைமானியில் மூன்று மில்லிமீற்றர் தண்ணீர். நேற்று மானியின் புனலைச் சரியாகப் பொருத்தினேனா என்று திரும்பிப் பார்க்காமல் வந்தது என் பிழை.

இவ்வளவையும் நாட்குறிப்பில் எழுதிவிட்டுப் பஞ்சலிங்கம் பல்கலைக்கழகத்தின் புவியியல் துறைத் தலைவரிடம் போனான். அவர் சத்தம் போடவில்லை. அதுதான் அவனுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"உம்மடை மானிக்கு மட்டும் தனிய ஒரு முகில் நிக்குதோ, ஐசே?"

இது மூன்றாவது வெள்ளி. யாழ்ப்பாணம் முழுக்க வெயிலில் வறண்டு கிடக்க, வளாகக் கோயிலுக்குப் பின்னால் புல்தரையில் நிற்கும் அந்த ஒரு மானியில் மட்டும் மழை பெய்துகொண்டிருந்தது. இன்னொரு தரம் இப்படி நடந்தால் மானி பார்க்கும் வேலையை வேறு ஆளிடம் கொடுக்க வேண்டி வரும் என்று தலைவர் சொல்லி அனுப்பினார். அந்தச் சம்பளத்தில்தான் பஞ்சலிங்கம் மாலை வகுப்புக்குப் போய்ப் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தான். வேலை போனால் படிப்பும் போகும்.

அளக்கும் கண்ணாடியைக் கழுவிவிட்டுத் துடைக்காமல் விட்டேனோ? கோட்டைப் பிழையாகப் பார்த்தேனோ? தன்னையே குறுக்குவிசாரணை செய்துகொண்டு கோண்டாவிலுக்குச் சைக்கிளை மிதித்தான். சட்டைப் பையில் ஒரு சின்னப் போத்தல். மானித் தண்ணீர்.

பேராசிரியர் சோமசேகரம் படலையிலேயே காத்து நின்றார். புவியியல் துறையில் இருந்து தை மாதம் ஓய்வு பெற்றவர். அந்த மானியை அங்கே நட்டவரும் அவர்தான். முதல் வெள்ளி பஞ்சலிங்கம் தயங்கித் தயங்கி வந்தபோது, தாடி வளர்ந்து சாய்மனைக் கதிரையில் கிடந்தார். யார் என்றுகூடக் கேட்கவில்லை. மழையில்லாமல் மூன்று மில்லிமீற்றர் என்றதும் எழுந்து உட்கார்ந்தார்.

அடுத்த நாளே வளாகத்தில் நின்றார். அளவு நாடாவோடு மானியைச் சுற்றித் தவழ்ந்தார். காகங்களைச் சந்தேகப்பட்டார். தோட்டக்காரனின் தண்ணீர்க் குழாயைச் சந்தேகப்பட்டு அவனோடு கொழுவினார். பிறகு சிற்றுண்டிச்சாலையில் இளம் விரிவுரையாளர்களை வளைத்து இருத்தி, வெறும் தேநீரை ஆறவிட்டு, பனியைப் பற்றி ஒரு மணித்தியாலம் கதைத்தார். அவருடைய ஒவ்வொரு விளக்கமும் அடுத்த வெள்ளி கரைந்துபோனது. அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

இன்று போத்தலை வெயிலுக்கு நேரே பிடித்தார்.

"பாரும், தெளிவில்லை. லேசா வெள்ளையாக் கிடக்கு. எங்கடை நிலம் முழுக்கச் சுண்ணாம்பு, ஐசே. சோளகக் காத்திலை தூள் பறந்து விழுந்திருக்கு."

"தூள் பறக்கும் சேர். தண்ணி எப்பிடிப் பறக்கும்?"

சோமசேகரம் போத்தலை அவனிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு சிரித்தார். "உந்தக் கேள்வியைத்தான் நாளைக்கு நான் உங்கடை தலைவரிட்டைக் கேக்கப்போறன்." புத்தகம் எடுக்க உள்ளே போனார்.

தேநீர் குடித்த குவளையைக் கொடுக்கப் பஞ்சலிங்கம் குசினிப் பக்கம் போனான். பேராசிரியரின் மனைவி மீனாம்பிகை பால் காய்ச்சிய சட்டியைக் கழுவி, அந்தத் தண்ணீரை மல்லிகையின் அடியில் ஊற்றிக்கொண்டிருந்தாள். லேசான வெள்ளைத் தண்ணீர். ஊற்றிய இடத்தைச் சுற்றிச் சிற்றெறும்புகள். காலையில் மானியின் விளிம்பிலும் இதே எறும்புகள் ஊர்ந்தன. அவற்றை ஊதிவிட்டுத்தான் அவன் அளந்தான்.

கிணற்றுக் கட்டில் ஒரு பித்தளைச் செம்பு கவிழ்த்துக் கிடந்தது.

"அம்மா, வெள்ளிக்கிழமையிலை எங்கடை வளாகக் கோயில் காலை அபிசேகத்துக்குப் பால் கொண்டு வாறனீங்கள், என்ன?"

"ஓம் தம்பி." அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இன்னொரு தரம் மானியிலை தண்ணி நிண்டால் என்ரை வேலை போயிடும்."

அவள் கை நின்றது. சட்டியைக் கீழே வைத்தாள்.

"அது எனக்குத் தெரியாது, அப்பு. சத்தியமாத் தெரியாது. இனி நடக்காது." உள்ளே எட்டிப் பார்த்தாள். சாய்மனைக் கதிரையில் இப்போது ஆள் இல்லை. அதன் மேல் வரைபடங்கள் விரித்துக் கிடந்தன. முன்னறையில் சோமசேகரம் எதையோ தேடிக்கொண்டு தனக்குத்தானே பாடினார்.

"ஆறு மாசம் அந்தக் கதிரையிலை கிடந்தவர். பெத்த பிள்ளையோடையும் கதைக்கேல்லை. நீர் வந்து போன அண்டைக்குத்தான் தாடியை வழிச்சார்." குரலைத் தாழ்த்தினாள். "முதல் வெள்ளி, பால் செம்பு கழுவி விசுக்கின தண்ணி மானிக்குள்ளை தவறித்தான் விழுந்தது, தம்பி. மற்ற ரெண்டும் தவறி விழேல்லை."

அன்று மாலை வகுப்புத் தொடங்குமுன் பஞ்சலிங்கம் நாட்குறிப்பைத் திறந்து, 'என் பிழை' என்று காலையில் எழுதியதை ஒரு கோடு போட்டு வெட்டினான். கீழே எழுதினான்:

நாளை: மூன்று வெள்ளியும் மழை பூச்சியம் என்று திருத்த வேண்டும். மானியைச் சுற்றி வேலி அடைத்துப் படலைக்குப் பூட்டுப் போட வேண்டும். பேராசிரியர் வருமுன், அவரிடம் கேட்க வேறொரு சந்தேகம் கண்டுபிடிக்க வேண்டும்.