பொய் ஈரம்

"ஐயா! என்ன செய்றீங்க?"

மாளவிகா போட்ட சத்தத்தில் தியாகராசன் திடுக்கிட்டுத் திரும்பினார். வயலில் நட்டிருந்த சென்சார் குச்சி அவர் கையில் இருந்தது. அதன் கீழ்ப்பாதி வாளித் தண்ணீருக்குள்.

கையும் களவுமாக மாட்டிக்கொண்டார்.

மாளவிகா வேளாண் இன்ஜினீயர். திருவையாற்றுக்குப் பக்கத்தில், ஒரே வாய்க்காலை நம்பியிருந்த வயல்களில் அந்தக் குச்சிகளை நட்டதே அவள்தான். மண் காய்ந்தால் குச்சி சொல்லும். எந்த வயல் அதிகம் காய்ந்திருக்கிறதோ, அதற்கு மடை தானாகத் திறக்கும். மழை ஏமாற்றி, ஆற்றில் முறை வைத்துத் தண்ணீர் விட்ட வருஷம் அது. "இனிமே தண்ணிக்காக யாரும் மண்வெட்டியத் தூக்க வேண்டாம்" என்று ஊர்க் கூட்டத்தில் பெருமையாகச் சொல்லியிருந்தாள்.

"வயசானவர் செய்ற வேலையா இது? தண்ணிக்காக மிஷினையே ஏமாத்துறீங்களா?"

அவர் தோள் துண்டால் வாளியை மூடப் பார்த்தார்.

"ஒருத்தர் இப்படிச் செஞ்சா மொத்தத் திட்டமும் பாழ். உங்க குச்சியக் கழட்டிட்டுப் போறேன்."

"கழட்டிடாதீங்கம்மா! இந்தத் தடவை மட்டும் விட்டுடுங்க."

ஆத்திரத்தோடு போனைத் திறந்தவள், திரையைப் பார்த்துக் குழம்பினாள். அவர் வயல் பச்சையில் இருந்தது. 'ஈரம் போதும்.' மடை மூடியிருந்தது.

குனிந்து பார்த்தாள். காலடியில் மண் வெடித்துக் கிடந்தது.

"ஐயா, ஈரம்னு காட்டினா உங்களுக்குத் தண்ணி வராது. தெரியுமில்ல?"

"தெரியும்மா."

"அப்ப உங்க தண்ணி எங்க போகுது?"

பதிலைப் போன் சொன்னது: கடைமடை, தங்கமணி வயல்.

"யாரு தங்கமணி?"

"என் தங்கச்சி. சொத்துத் தகராறுல கோர்ட்டு வரைக்கும் போயிட்டோம். முகத்துல முழிக்கிறதில்ல. அவ வயல்ல இப்பதான் கதிர் வெளிய வருது. இந்த நேரத்துல காஞ்சா, அத்தனையும் பதராப் போயிடும்."

"உங்க பயிர்?"

"கொஞ்சம் போகும். போகட்டும்."

மாளவிகாவின் குரல் இறங்கிவிட்டது. "இதுக்கு எதுக்குங்கய்யா பொய்? நேராவே மடையத் தொறந்து விட்டிருக்கலாமே?"

"போன வருஷம் விட்டேன். அண்ணன் தண்ணி வேண்டாம்னு மண்ண வெட்டிப்போட்டு அடைச்சுட்டா."

தியாகராசன் குச்சியை வாளிக்குள் இன்னும் ஆழமாக இறக்கினார்.

"நான் குடுத்தா வாங்க மாட்டாம்மா. மிஷின் குடுத்தா வாங்கிக்கிறா."