அடிபட்ட கவசம்

முதல் அடி காதுக்கு மேலே விழுந்தது.

தலைக்கவசம் 'ணங்' என்றது. தகடு லேசாக உள்ளே போனது. போதவில்லை. சுத்தியலை இன்னும் உயரத் தூக்கி அதே இடத்தில் இன்னொன்று வைத்தாள். இப்போது சரியாக இருந்தது.

அட்டையும் சாந்துமாய் எழுப்பிய கோட்டைச் சுவரின் நிழலில் உட்கார்ந்திருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் படப்பிடிப்பு. மதியச் சாப்பாட்டுக்குள் தளபதியின் கவசம் போருக்குப் போய்வந்த கவசமாக மாறியாக வேண்டும்.

நேற்று இயக்குநர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பாத்திரக் கடையில வாங்குனதா? இதுல சாம்பார் ஊத்தலாம் போலிருக்கே" என்றார். யூனிட்டே சிரித்தது.

சிரிப்பு புருஷன்மேல் விழுந்தது. வீட்டுக்கு வந்ததும் அடி இவள்மேல் விழுந்தது. வேறெங்கே விழும்?

புருஷன் பெயர் தயாளன். பெற்றவர்கள் ஆசைப்பட்டு வைத்த பெயர், அவர்களைக் குறைசொல்லிப் பயனில்லை. தகட்டை வெட்டி வளைத்துக் கவசமாக்குவது அவன் வேலை. நிறம் ஏற்றுவது இவள் வேலை. காலையில் வந்ததும் சுத்தியலை அவள் காலடியில் போட்டான்.

"நெசமாவே அடிவாங்குன மாதிரி இருக்கணுமாம். உனக்குத்தான் தெரியுமே. பண்ணு."

டீ குடிக்கப் போய்விட்டான்.

இன்றும் இயக்குநர் கவசத்தைத் திருப்பி அனுப்பினால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். வலது காதில் ஏற்கெனவே பாதிதான் கேட்கிறது. ஜவ்வு கிழிந்திருக்கிறது, இன்னோர் அடி பட்டால் அந்தப் பாதியும் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எதில் இடித்துக்கொண்டாய் என்று அவர் கேட்டதற்கு, கதவில் என்றாள். அருகில் நின்ற தயாளன் கதவைத் திட்டினான்.

மார்புக் கவசத்தை மடியில் சாய்த்தாள்.

காறை எலும்பில் ஒன்று. சோற்றில் முடி கிடந்ததற்கு.

விலாவில் ஒன்று. அதற்குக் கீழே இன்னொன்று. அண்ணனோடு போனில் பேசியதற்கு.

தோள்பட்டையில் ஒன்று. எதற்கென்று நினைவில்லை. அவனுக்கும் நினைவிருக்காது.

முதுகில் விழுந்தது சுத்தியலுக்கு வராது. தரையில் சாய்ந்த பிறகு கிடைத்த உதை அது. அகலமானது. கவசத்தைக் குப்புறப் போட்டு, குதிகாலால் மிதித்தாள். தகடு நெளிந்தது. மறுபடி மிதித்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு, சாகட்டும், சாகட்டும் என்று மிதித்தாள். யாரைச் சொல்கிறோம் என்பதில் அவளுக்குக் குழப்பமில்லை.

மூச்சு வாங்கியது.

ஸ்பிரே டப்பாவைக் குலுக்கினாள். உள்ளே குண்டு கடகடத்தது.

முதலில் துருவின் நிறம். கடையில் கிடைக்கும் துரு நிறம் அவளுக்குப் பிடிக்காது, செங்கல்போல் இருக்கும். சிவப்பின்மேல் கறுப்பைப் புகையாக அடித்து, தலையணை உறையில் காய்ந்த ரத்தத்தின் நிறத்துக்குக் கொண்டுவந்தாள். காய்ந்ததும் தண்ணீர் தெளித்துக் கல்லுப்பைத் தூவினாள். அதன்மேல் வெள்ளி நிறம். வெயிலில் வைத்து எடுத்து, உப்பைத் துணியால் தேய்த்துத் தள்ளினாள். உப்பு இருந்த இடமெல்லாம் வெள்ளி உரிந்து அடியிலிருந்த துரு தெரிந்தது. பள்ளங்களில் மட்டும் கறுப்பை அடித்து, காயுமுன் துடைத்தாள்.

கவசம் கன்றிப்போய்க் கிடந்தது.

சண்டை மாஸ்டர் வந்தார். கூடவே மர வாள்களோடு நாலைந்து சண்டைக்காரர்கள். அவர்களுக்குப் பின்னால் டீ டம்ளரோடு தயாளன்.

மாஸ்டர் பள்ளங்களை ஒவ்வொன்றாக விரலால் தடவினார். அடி கொடுத்தும் வாங்கியும் சோறு தின்கிறவர்.

"அசல் இரும்பு மாதிரியே இருக்கும்மா. ஆனா அடி தப்பா விழுந்திருக்கே. என் பசங்க வலது கையில வாள் வீசுறானுங்க. எதிர்ல நிக்கிறவனுக்கு இடது பக்கம்தான் படும். இங்க பாரு, மண்டை, தோளு, விலான்னு எல்லாமே வலது பக்கம். எவனோ நொட்டாங்கைக்காரன் அடிச்ச மாதிரியில்ல இருக்கு!"

சொல்லிச் சிரித்தார்.

சிரிப்பு நடுவில் நின்றது.

தயாளனின் டம்ளர் இடது கையில் இருந்தது.

மாஸ்டர் டம்ளரைப் பார்த்தார். தலைக்கவசத்தின் பள்ளத்தைப் பார்த்தார். பிறகு, முந்தானையால் அவள் மூடியிருந்த வலது காதின் பக்கம் பார்த்தார்.

தயாளன் டம்ளரை வலது கைக்கு மாற்றினான். டீ சட்டையில் சிந்தியது.

"மாத்திடலாம் மாஸ்டர். ஏய், அதையெல்லாம் தட்டி நிமித்து. புத்தி கெட்டவ, எங்க அடிக்கணும்னுகூடத் தெரியல."

அவள் பள்ளங்களைப் பார்த்தாள். இடம் பார்த்து அடிக்கவில்லை. கை தானாகப் போன இடங்கள் அவை. நிமிர்த்திவிடலாம், கொஞ்ச நேர வேலை. இடது பக்கம் புதிதாகப் பள்ளம் விழும். எல்லோரும் சாப்பிடப் போவார்கள். இவள் அவனோடு வீட்டுக்குப் போவாள்.

சுத்தியல் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. எடுக்கவில்லை. முந்தானையைக் காதிலிருந்து இறக்கினாள்.

"அடி சரியாத்தான் விழுந்திருக்கு, மாஸ்டர்."

தயாளனின் இடது கை பழக்க தோஷத்தில் மேலே போனது. இப்போது அதில் டம்ளர் இல்லை.

அவள் குனியவில்லை.

அந்தரத்தில் நின்ற கையை அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.