சிறகன் பறக்க மாட்டான்

படப்பை சிறுவர் பத்திரிகை அலுவலகத்தில் ஆசிரியர் தேவநாதன் கதைத் தாள்களை மேசைமேல் வீசினார்.

“இன்னாப்பா இது? நம்ம தொடர்ல சின்னப் பையனா பறந்துக்கினு இருந்த சிறகனை இருபது வயசு ஆளாக்கித்தானே எழுதச் சொன்னேன்? நீ அவனை ஒரகடம் கம்பெனிக்கு ஷேர் ஆட்டோல அனுப்பிக்கினு கீற!”

“வளந்துட்டான் சார். உயரம்னா பயப்படுறான்” என்றான் எதிரே உட்கார்ந்திருந்த புது எழுத்தாளன் லோகேஷ்.

“சிறகனுக்குப் பயமா? இத்தினி வருசம் தொடரை எழுதின கன்னியப்பன் சாகுற வரைக்கும் அப்படி ஒரு வரி எழுதலை. நேத்து வந்த உனக்கு அவனைப் பத்தி இன்னா தெரியும்? பறக்க வை. இல்லைன்னா தொடரை வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்.”

“குடுங்க சார். அவன் பறக்க மாட்டான்.”

“மொதல் கதையிலேயே வாட்டர் டேங்க்லேர்ந்து குதிச்சுப் பறந்தவன்யா அவன்! அதையாவது படிச்சியா?”

லோகேஷ் கீழே கிடந்த ஊன்றுகோலை எடுத்து, அதை அழுத்திக்கொண்டு எழுந்தான்.

“நான் குதிச்சது நெஜம் சார். பறந்தேன்னு அப்பாதான் எழுதினாரு.”

தாள்களுக்காகக் கையை நீட்டினான். தேவநாதன் அவற்றைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். முதல் பக்கத்திலிருந்து மறுபடி படிக்க ஆரம்பித்தார்.