இடப்பக்கம் இழுக்கும் வண்டி

"உன் கை நேரா இருந்தா வண்டி ஏன்டி இடப்பக்கம் இழுக்குது?" என்று ரட்கோ கத்தியது தெருக்கோடி வரை கேட்டது.

"நான் தொட்டே மாசமாச்சு! தினமும் ஓட்டுறது நீ. அலைன்மென்ட், காத்து எல்லாம் சரியா இருக்குங்கிறான் மெக்கானிக். நீ ஏன்யா பதறுற?" என்ற வெலிச்கா, சாவியைப் பிடுங்கிக்கொண்டு கிளம்பினாள்.

புருஷன் வேலைக்குப் போகும்போது, போகிற காரியம் தண்ணீராக ஓடட்டும் என்று வண்டிக்குப் பின்னால் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றுவது பல்கேரியாவில் வழக்கம். வெலிச்கா ஒரு நாளும் தவறவிட்டதில்லை.

ஏரிக்கரைச் சாலையில் அவள் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தாள். வண்டி நிதானமாக இடப்பக்கம் ஒதுங்கி, சந்துக்குள் திரும்பி, ஒரு பச்சைக் கேட்டின் முன் தானே நின்றது.

சத்தம் கேட்டு, ரொட்டிக்கடைக்காரரின் விதவை நெவ்யானா செம்போடு ஓடி வந்தாள். "வேலைக்குப் போற வழியா கண்ணு? இரு, தண்ணி ஊத்தறேன்." உள்ளே இருப்பது யாரென்று பார்த்ததும் தண்ணீர் அவள் காலிலேயே கொட்டியது.

"ஊத்துடி, ஊத்து! நான் ஊத்தினது இதுவரைக்கும்தானே வந்திருக்கு!" என்றாள் வெலிச்கா.

வெலிச்கா வர்னா நகரத்திலுள்ள தங்கை வீட்டோடு போய்விட்டாள். ரட்கோ நெவ்யானாவைக் கட்டிக்கொண்டான். இப்போது வண்டி வலப்பக்கம் இழுக்கிறதாம். மெக்கானிக் பார்த்துவிட்டு ஒரு குறையும் இல்லை என்கிறான். அந்தப் பக்கம் வீடே கிடையாது, ரொட்டிக்கடைக்காரரைப் புதைத்த கல்லறைத் தோட்டம்தான். அதன் கேட்டுக்கு முன்னால் மட்டும் தினமும் காலையில் சாலை நனைந்து கிடக்கிறது.