நாலாவது நாற்காலி

"அந்த நாற்காலி வேண்டாம் தம்பி. அதுக்கு ஆள் வருது," என்றார் அல்ஃபோன்ஸ்.

டோர்பென் அதற்குள் உட்கார்ந்தேவிட்டான். முதுகுப்பையைக் காலடியில் தள்ளி, கேமராவை மேஜைமேல் வைத்து, தான் வடக்கே ஹம்பர்க்கிலிருந்து வருவதாகவும், பாம்பெர்க் வந்துவிட்டுப் புகை பீர் குடிக்காமல் போகக்கூடாது என்று எல்லோரும் சொன்னதாகவும் கேட்காமலே சொன்னான்.

மேஜையைச் சுற்றியிருந்த மூன்று கிழவர்களும் அவனை ஏற இறங்கப் பார்த்தார்கள். பாம்பெர்க் மதுச்சாலைகளில் முன்பின் தெரியாதவர் பக்கத்தில் தாராளமாகப் போய் உட்காரலாம். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஆனால் அடுப்பை ஒட்டிய இந்த வட்ட மேஜை மட்டும் வாடிக்கைக்காரர்களுக்கு உரியது. அதற்கென்று மேலே பித்தளைப் பலகையே தொங்குகிறது. கண் இருக்கிற எவனும் அங்கே உட்கார மாட்டான்.

பரிமாறும் ரோஸ்வித்தா பீரோடு வந்தவள், ஜன்னலோரம் நல்ல இடம் காலியாக இருப்பதைக் காட்டினாள். தனக்கு இங்கேயே வசதியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டான். கறுத்த பீரில் ஒரு வாய் குடித்து, புகை போட்ட பன்றிக்கறி வாசனை வருகிறதே என்றான்.

"மூணாவது கிளாஸ்ல பழகிடும்," என்றார் ஒட்மார். "அந்த மூணையும் வேற மேஜையில உட்கார்ந்து குடிங்க."

வரப்போகிற ஆள் யார் என்று டோர்பென் கேட்டான். லியோன்ஹார்ட் என்றார்கள். எப்போது வருவார் என்று கேட்டதற்கு மூன்று பேரும் தங்கள் கிளாஸைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். ரோஸ்வித்தாதான் சொன்னாள், ஒரு வருஷமாக அவர் இந்தப் பக்கமே வருவதில்லை என்று.

டோர்பென் சிரித்தான். சுவரோரம் கிடந்த சீட்டுக்கட்டைச் சுட்டி, நாலு பேர் ஆடும் ஆட்டத்துக்கு மூன்று பேர் இருக்கிறீர்கள், எனக்கு இந்த ஆட்டம் தெரியும், ஒரு கை போடலாமா என்று கேட்டான்.

மூன்றாமவரான, காது மந்தமான காங்கோல்ஃபுக்கு அது மட்டும் நன்றாகக் கேட்டுவிட்டது. அவர் கை தானாகச் சீட்டுக்கட்டின் பக்கம் போயிற்று. ஒரு வருஷமாக ஆடாத கை, பாவம். ஒட்மாரும் அல்ஃபோன்ஸின் முகத்தைப் பார்த்தார். ஒரே ஒரு ஆட்டம் ஆடினால் என்ன என்று அந்தப் பார்வையிலேயே எழுதியிருந்தது.

அல்ஃபோன்ஸ் சீட்டுக்கட்டை எடுத்துத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"வராத ஆளுக்கு எதுக்குங்க நாற்காலி?" என்றான் டோர்பென். "அவர் உங்களை மறந்தே போயிருப்பார்."

"மறக்கட்டும். மறக்கிற மாதிரிதான் நான் பேசினேன்." அல்ஃபோன்ஸின் குரல் இறங்கியது. "ஒரு சீட்டு குறைஞ்சுது. ஊரே பார்க்க அவனைத் திருட்டு ஆட்டக்காரன்னு சொல்லிட்டேன். அவன் கோட்டை மாட்டிக்கிட்டுப் போயிட்டான். அப்புறம் என் கிளாஸைத் தூக்கினா, ஈரத்துல அடியில ஒட்டிக்கிட்டு இருக்கு அந்தச் சீட்டு."

போய் மன்னிப்புக் கேட்டிருக்கலாமே என்றான் டோர்பென்.

"அவன் வீட்டு வாசல் வரைக்கும் நாலு தடவை போயிருக்கேன். மணியடிக்கத்தான் கை வரல. எந்த முகத்தை வெச்சுக்கிட்டு அடிக்கிறது?"

அல்ஃபோன்ஸுக்குக் கண் கலங்கிவிட்டது. வெளியூர்க்காரன் முன்னால் கலங்கிவிட்டோமே என்ற கோபமும் சேர்ந்துகொள்ள, எழுந்து டோர்பெனின் கிளாஸைத் தூக்கிக்கொண்டுபோய் ஜன்னலோர மேஜையில் வைத்தார். திரும்பி வந்து முதுகுப்பையையும் எடுத்து அவன் மடியில் போட்டார்.

"எழுந்திரு. அவன் சாகிற வரைக்கும் வரலைன்னாலும் அது அவன் இடம்தான்."

டோர்பென் எழுந்தான். ஜன்னலோரம் போய், மிச்சமிருந்த பீரை நின்றபடியே குடித்து, ரோஸ்வித்தாவிடம் காசைக் கொடுத்துவிட்டு வெளியேறினான். மரியாதை தெரியாத வடக்கத்திக்காரன் என்று ஒட்மார் முணுமுணுத்தது வாசல் வரை கேட்டது.

வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. பாலத்தருகே, தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு நின்ற லியோன்ஹார்ட் பதறி ஓடிவந்து அவன் கையைப் பிடித்தார்.

"என்ன மாப்ள, என் நாற்காலியில உட்கார விட்டாங்களா?"

"கழுத்தைப் பிடிச்சுத் தள்ளாத குறைதான் மாமா," என்றான் டோர்பென். "தைரியமா உள்ள போங்க."