மலையிறங்காத பொம்மை

மலையூர்ச் சோளக்கொல்லையில் நிற்கும் பொம்மை நான். சட்டை என் முதலாளி சடையனுடையது. தலை ஒரு ஓட்டைச் சட்டி, உள்ளே ஒன்றும் கிடையாது. பிழைப்புத் தேடிச் சடையன் மலையிறங்கினான். பின்னாலேயே ஊரும் இறங்கியது. "மண்ணை விட்டுப் போகாத ஒரே ஆள் நான்தான்" என்று காக்கையிடம் தினமும் பீற்றிக்கொள்வேன். காட்டுப்பன்றிகள்கூட வருவதில்லை. என் முறைப்பு அப்படி!

திருவிழா சமயத்தில் ஒரு கிழட்டுப் பன்றி வந்தது.

"என்னைப் பார்த்துப் பயந்துதானே இத்தனை நாளா வரல?" என்றேன்.

"அட போய்யா! கொல்லையில சோளம் இருந்தாத்தானே வர்றதுக்கு? நாங்களும் டவுனுக்குப் போயிட்டோம். ஓட்டல் எச்சில் இலை, நல்ல சாப்பாடு. திருவிழாவுக்கு ஒரு எட்டு வந்தேன்."

"எங்க சடையன்?"

"அங்க வீடு கட்டுறான். திருஷ்டி படாம இருக்க, உன்னை மாதிரியே ஒரு பொம்மை செஞ்சு மாடியில கட்டியிருக்கான்."

என் வயிற்று வைக்கோல் பற்றிக்கொண்டு எரிந்தது. அந்த வேலைக்கு என்னைக் கூப்பிட்டிருக்கக் கூடாதா?

அன்றிலிருந்து பஸ் நிற்கும் பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்துகொண்டிருக்கிறேன். காக்கை கேட்டால், "காத்து ஜாஸ்தி" என்கிறேன்.